முன் அறைச் சுவரில் ஒரு பயணக் கணக்கு

பெயின்டர் வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் கிடையாது. ஊரில் பாதி வீடுகளுக்கு வண்ணம் அடித்தவர், தன் வீட்டு முன் அறையை மட்டும் சிமென்ட் பூசிய கையோடு அப்படியே விட்டுவிட்டார். கேட்டால், "நம்ம வீடுதானே, எங்க ஓடிடப் போகுது? மழை முடியட்டும்" என்பார். எத்தனையோ மழை முடிந்துவிட்டது. சுவர் அதே சாம்பல் நிறத்தில்தான் நிற்கிறது.

அதில் அவருக்கு ஒரு வசதியும் இருந்தது. பெயின்டர்கள் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்திருக்க மாட்டீர்கள். அடிக்கப்போகிற சுவரிலேயே பென்சிலால் நீளம், உயரம், கதவுக்குக் கழிவு, ஜன்னலுக்குக் கழிவு என்று போட்டு, பெருக்கி, கூட்டி, அதன் மேலேயே பெயின்டை அடித்து மூடிவிடுவார்கள். எங்கள் தெருவில் எத்தனை சுவர்களுக்குள் இவருடைய கூட்டல் கழித்தல் புதைந்து கிடக்கிறதோ, யார் கண்டது! சொந்த வீட்டில் மூட வேண்டிய வேலையும் இல்லை. வாடகை, மளிகை, மகளின் பஸ் பாஸ், எல்லாமே முன் அறைச் சுவரில்தான் இருக்கும். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் படிக்கலாம். படித்தோம்.

நான் பக்கத்துப் போர்ஷன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது அந்தச் சுவர்தான். அங்கே பென்சில் தேய்ந்தால் இங்கே எனக்குக் காது அரிக்கும். கூப்பிடாமலே போய் உட்கார்ந்து டீ குடிக்கிற உரிமை எனக்கு உண்டு. யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சுவரில் புதிதாக ஒரு கணக்கு ஏறியிருந்தது. தலைப்பு கொட்டை எழுத்தில்: அக்கா வீடு.

விஷயம் இதுதான். பெயின்டரின் மனைவிக்கு ஒரே ஓர் அக்கா. மலைமேல் ஓர் ஊரில், ஒரு ராத்திரி ரயிலும் அரை நாள் பஸ்ஸுமாகப் போனால் வரும் இடத்தில் இருந்தார். தாய் இல்லாத வீட்டில் தங்கைக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி, கல்யாணம் வரை கொண்டுவந்து சேர்த்தது அந்த அக்காதான். இப்போது அவருடைய மகன் வெளிநாட்டிலிருந்து விசா எடுத்து அனுப்பிவிட்டான். மாதக் கடைசியில் கிளம்புகிறார். ஒரேயடியாகப் போகிறார். இனிமேல் போனில் முகம் பார்ப்பதோடு சரி. போவதற்கு முன்னால் ஒரு வாரம் அக்காவோடு இருந்துவிட வேண்டும் என்பது தங்கையின் ஆசை. ஆசை என்று நான் லேசாகச் சொல்கிறேன். அந்த அம்மாள் ஒரு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை.

ஆனாலும் அக்காவிடம் "வருகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல மாட்டார். அதற்குக் காரணம் இருந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்னால் இதே பயணம் ஒரு தடவை கிளம்பியது. அப்போதும் பெயின்டர்தான் கணக்குப் போட்டார். "தாராளமாப் போதும்" என்றார். மலை அடிவாரத்து ஜங்ஷனில் இறங்கிப் பர்ஸைத் திறந்து பார்த்தால், மேலே போகக் காசு இருந்தது, திரும்பி வரக் காசு இல்லை. மேலே போய் அக்காவிடமே கடன் வாங்கித் திரும்புவதா? இந்த அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. மூவரும் ஜங்ஷனோடு திரும்பிவிட்டார்கள். அங்கே மலைமேல், அக்கா சோறு குழம்பெல்லாம் கேரியரில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் காலையிலிருந்து கடைசி பஸ் வரை உட்கார்ந்திருந்தாராம். திட்டவேயில்லை. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனில் பேசுவார், எல்லாம் கேட்பார், "எப்போ வர்றே?" என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.

அதுதான் தங்கைக்கு முள்ளாகக் குத்தியது. "கணக்கு சரியா நின்னாத்தான் வாயைத் திறப்பேன். இன்னொரு தடவை அவளைக் கேரியரோட உக்கார வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். போவதா இல்லையா என்பது சுவரில் இருந்தது.

நான் போனபோது நல்ல அடைமழை. நாலு நாளாக விடவில்லை. மழை என்றால் பெயின்டருக்கு வேலை கிடையாது. வெளிச்சுவர் காயாது, உள்சுவர் வியர்க்கும். ஏணி வாசலில் படுத்துக் கிடந்தது. பிரஷ்களையெல்லாம் மண்ணெண்ணெயில் அலசி, மயிர் மயிராகப் பிரித்துத் துணியில் பரப்பியிருந்தார். வீடு முழுக்க அந்த வாடை. அவர் மனைவி ஸ்டவ் பக்கம் நின்று பெரிய பாத்திரத்தில் டீ போட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி கேன்டீனில் அவர்தான் தலைமைச் சமையல். வீட்டிலும் கை சின்னதாக வராது. ஆளுக்கு ஒரு டம்ளர் டீ கேட்டால் வார்டுக்கே போதுமானது வரும். மகள் தரையில் உட்கார்ந்து தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், வாய் அம்மாவைக் கொண்டு பிறந்தது.

"வாங்கண்ணே, நல்ல நேரத்துக்கு வந்தீங்க" என்றார் பெயின்டர், பென்சிலைக் காதில் செருகியபடி. "சுவரைப் பாருங்க. பதினோராயிரத்து நூறு. இவ கையில இருக்கிறது பதினெட்டாயிரம். ஏழாயிரம் மிச்சம்! மிச்சத்துக்கு என்ன செய்யலாம்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்."

"மிச்சமாம்" என்றார் மனைவி, திரும்பாமலே. "அண்ணே, இந்த மனுஷன் வாயில மிச்சம்னு வந்தாலே நான் பர்ஸைத் தொட்டுப் பாத்துக்கறேன்."

சுவரைப் படித்தேன். ரயில் ஐயாயிரத்து அறுநூறு. மலை பஸ் ஆயிரம். வழிச் சாப்பாடு ஆயிரத்து எண்ணூறு. அக்காவுக்குச் சால்வை ஆயிரத்து ஐநூறு. அக்கா வீட்டுச் செலவு ஆயிரம். கடைசியில் சின்ன எழுத்தில், இதர வகை இருநூறு.

"இதர வகை இருநூறா?" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. மாடி வீட்டு டிரைவர். நீண்ட தூர பஸ் ஓட்டுகிறவர். குடையை மடக்கி உதறிக்கொண்டே உள்ளே வந்தார். "ஏன் பெயின்டரே, வழியில பஸ் நிக்கும்போது நீங்க இறங்கவே மாட்டீங்களா? இறங்கினா டீ குடிக்கணும். டீ குடிச்சா இன்னொண்ணு போகணும், அதுக்கும் காசு கேப்பான். பெட்டி தூக்கறவன் கேப்பான். நான் தினம் பாக்கறேன், இருநூறு ரூபாயோட மலை ஏறினவன் எவனும் இல்லை."

"நாங்க டீயை ஃபிளாஸ்க்ல கொண்டுபோவோம்" என்றார் பெயின்டர்.

"மலையில குளிருமே, ஸ்வெட்டர் இருக்கா?"

பெயின்டர் சுவரைப் பார்த்தார். சுவரில் ஸ்வெட்டர் இல்லை.

"எங்கிட்ட ரெண்டு இருக்கு, தர்றேன்" என்றார் டிரைவர். "கடையில ஒண்ணு வாங்கிக்குங்க. ஒரு அறுநூறு எழுதுங்க."

பெயின்டர் மனசே இல்லாமல் எழுதினார். வேலை பிடிக்க வேண்டுமென்று குறைத்துச் சொல்லிச் சொல்லிப் பழகிய கை. நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் முகம் சுருங்கினால் போதும், இவர் தொகை தானாகவே ஐநூறு இறங்கிவிடும்.

கேன்டீன்காரம்மா டீயைக் கொண்டுவந்து ஆளுக்கு ஒன்றாக வைத்துவிட்டு, முந்தானையில் கை துடைத்துக்கொண்டு சுவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தேர்வுத்தாள் திருத்துகிற டீச்சர் உட்காருவது போலத்தான் இருந்தது.

"ஒவ்வொண்ணா வரேன். மொதல்ல, லீவு. எங்க எழுதியிருக்கீங்க?"

"லீவுக்கு என்ன செலவு? லீவுன்னா சும்மாதானே இருக்கோம்?"

"அட, அறிவே! எனக்குத் தினக்கூலி. எட்டு நாள் போகலைன்னா மூவாயிரத்து ஐநூறு வராது. இவளுக்கு மூவாயிரம் பிடிப்பாங்க. திரும்பி வந்து வாடகையை எதை வெச்சுக் கட்டுவீங்க, ஃபிளாஸ்க் டீயை வெச்சா? வராத சம்பளமும் செலவுதான். எழுதுங்க."

"ஆறாயிரத்து ஐநூறு" என்று எழுதினார் பெயின்டர். பென்சில் முனை ஒடிந்தது. மகள் சிரித்தாள்.

"அப்பா, பென்சிலுக்கும் ஒரு தொகை எழுதிடுங்க."

"சாப்பாட்டுக்கு வாங்க" என்றார் மனைவி. "ஆயிரத்து எண்ணூறுன்னா எப்படி வந்தது?"

"தாராளமாப் போட்டிருக்கேன்."

"தாராளம்கிறது ஒரு கணக்கா? எங்க கேன்டீன்ல அப்படிச் சொன்னா கரண்டியாலயே அடிப்பாங்க. எத்தனை தலை, எத்தனை வேளை, அதைச் சொல்லுங்க. ராத்திரி ரயில் ஏறினா அன்னிக்கு ராத்திரி, மறுநாள் காலை, மத்தியானம். மூணு வேளை. வரும்போது மூணு. ஆறு வேளை. வெளியில ஒரு தட்டு என்ன விலை?"

"நூத்தம்பது" என்றார் டிரைவர்.

"ஆறு தட்டு, தொள்ளாயிரம். ஒரு தலைக்குத் தொள்ளாயிரம்." விரல் மடக்கிக்கொண்டே வந்தவர் நின்றார். "ரெண்டு தலைக்குத்தான் ஆயிரத்து எண்ணூறு வருது."

அவர் கண் மேல் வரிக்குப் போனது.

"ரயிலைப் பாருடி" என்றார் மகளிடம்.

மகள் எழுந்து சுவர்கிட்டே போனாள். "ஒரு டிக்கெட் ஆயிரத்து நானூறுன்னு நேத்து நீங்கதானே விசாரிச்சிட்டு வந்தீங்க? போக வர ரெண்டாயிரத்து எண்ணூறு. ஐயாயிரத்து அறுநூறுன்னா..." அவள் முகம் மாறியது. "ரெண்டு பேர். பஸ்ஸும் ரெண்டு பேர். அப்பா, என்னை விட்டுட்டீங்களா?"

"ஐயோ, உன்னை விடுவேனா கண்ணு?" பெயின்டர் பதறிப்போனார். "உன்னைத்தான் மொதல்ல எழுதினேன். நீ ஒண்ணு. அம்மா ரெண்டு..." என்று விரலை நீட்டி எண்ணினார். மூன்றாவதற்கு விரல் நீண்டு அப்படியே நின்றுவிட்டது. அந்த விரலை எங்கே வைப்பதென்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

டிரைவர் வாய்விட்டுச் சிரித்தார். "பொண்டாட்டியும் பொண்ணும் ரயில்ல போறாங்க. நீங்க என்ன, தண்டவாளத்துல நடந்தா?"

"பழக்க தோஷம்ப்பா" என்றார் பெயின்டர். தலையைச் சொறிந்தார். "எஸ்டிமேட்ல எம்பேரு வராது. பெயின்ட் எவ்வளவு, பட்டி எவ்வளவு, உப்புத்தாள் எவ்வளவு, கூட வர்ற ஆளுங்க கூலி எவ்வளவு. அவ்வளவுதான் போடறது. எல்லாம் போக மிச்சம் விழுந்தா அது நம்மது."

"விழலைன்னா?" என்று கேட்டாள் மகள்.

"விழலைன்னா அடுத்த வீட்டுல பாத்துக்கலாம்."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. சுவரையும் பார்க்கவில்லை. புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜங்ஷன்ல எவ்வளவு குறைஞ்சது?" என்றார்.

"எப்போ?"

"எப்போவாம்! மூணு வருஷத்துக்கு முன்னாடி. பெஞ்சில உக்காந்து எண்ணினோமே, எவ்வளவு குறைஞ்சது?"

பெயின்டர் யோசித்தார். அவருக்கு நினைவு வந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. "ஒரு ஆளு... ஒரு ஆளு போக வர செலவு" என்றார் மெதுவாக. "நான் எவனோ பிக்பாக்கெட் அடிச்சிட்டான்னு நெனச்சேன்."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா?" அந்த அம்மாளின் குரல் உடைந்தது. "என் வாயை அடைக்கறதுக்காக வேணும்னே குறைச்சுச் சொல்லிக் கூட்டிட்டுப் போனீங்கன்னு நெனச்சேன். கஸ்டமர்கிட்ட சொல்ற மாதிரி எங்கிட்டயும் சொல்லிட்டீங்கன்னு. மூணு வருஷமா உங்களைப் பொய்க்காரன்னு நெனச்சிட்டு இருக்கேன்."

"சத்தியமா இல்லம்மா."

"அதான் இப்போ தெரியுதே."

"இப்போ என்ன நெனக்கிறே?"

"முட்டாள்னு நெனக்கிறேன்" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இது எவ்வளவோ மேல்."

பெயின்டர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். ஆனால் அவர் மனைவிக்குக் கோபம் அதோடு ஆறவில்லை. அழுகை நின்றதும் அது வேறு பக்கம் திரும்பியது. நியாயமான கோபம் என்றுதான் நான் சொல்வேன்.

"கூட வர்ற ஆளுக்கு ஒரு நாளைக்கு என்ன குடுக்கறீங்க?"

"ஆயிரத்து இருநூறு."

"உங்களுக்கு?"

"மழை இல்லைன்னா ஆயிரமாவது நிக்கும்."

"ஏணி மேல நிக்கறது நீங்க. கலர் கலக்கறது நீங்க. கஸ்டமர்கிட்ட ஏச்சு வாங்கறது நீங்க. உங்களுக்கு ஆயிரம், அதுவும் மிச்சம் விழுந்தா! இத்தனை வருஷமா இந்த ஊருல ஒருத்தனாவது உங்க கூலின்னு ஒரு தொகையைக் குடுத்திருக்கானா? எப்படிக் குடுப்பான், நீங்க கேட்டாத்தானே! சரி, எழுந்திருங்க. அழிச்சிட்டு மறுபடியும் போடுங்க. மூணு தலை."

போட்டார்கள். இந்தத் தடவை பென்சில் மகள் கைக்குப் போய்விட்டது. லீவும் ஸ்வெட்டரும் முன்பு எழுதியபடியே. ரயில் எட்டாயிரத்து நானூறு. பஸ் ஆயிரத்து ஐநூறு. சாப்பாடு இரண்டாயிரத்து எழுநூறு. டீ, கூலியாள், டிரைவர் சொன்ன அந்த இன்னொன்று, எல்லாம் சேர்த்துத் தொள்ளாயிரம். சால்வையை மட்டும் அந்த அம்மாள் தொடவிடவில்லை. ஒரே ஒரு தடவை கொடுக்கப்போவது, அது அப்படியே இருக்கட்டும் என்றார். அக்கா வீட்டுச் செலவை இரண்டாயிரமாக்கினார். "மூணு பேர் போய் ஒரு வாரம் உக்காந்து திங்கப்போறோம். அவ வேணாம்னுதான் சொல்லுவா. அரிசி மூட்டையை வாங்கி இறக்கிட்டா என்ன பண்ணுவா?"

"கடைசியா ரெண்டாயிரம்" என்றார். "அதுக்குப் பேர் கிடையாது. சும்மா எழுது."

"சும்மான்னா எதுக்கும்மா?"

"நூறு பேருக்குச் சமைக்கச் சொன்னா நான் நூத்திப்பத்துக்கு வெப்பேன். அந்தப் பத்து யாருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா யாராவது வருவாங்க, ஒரு நாளும் தப்பினதில்லை. பஸ் தவறிப்போகும். மழையில பாதை அடைப்பான். எவனுக்காவது வயிறு கெட்டுப்போகும். எழுது."

மகள் கூட்டினாள். இரண்டு தடவை கூட்டினாள். "இருபத்தாறாயிரத்து நூறு" என்றாள். "நம்ம கையில பதினெட்டு. எட்டாயிரத்து நூறு துண்டு விழுது."

டிரைவர் டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. அந்த மழையில் எட்டாயிரம் எங்கிருந்து முளைக்கும்?

பெயின்டர்தான் முதலில் வாய் திறந்தார். அவர் முகம் தெளிவாகிவிட்டிருந்தது. "நல்லதாப் போச்சு. நான் மொதல்ல போட்டதே சரின்னு வெச்சுக்குங்க. நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன். ஸ்வெட்டரும் வாங்க வேணாம்."

"நான் வரலைம்மா" என்றாள் மகள். "நீங்களும் அப்பாவும் போங்க. என் சம்பளமும் பிடிக்க மாட்டாங்க."

"ரெண்டு பேரும் வாயை மூடறீங்களா?" என்றார் கேன்டீன்காரம்மா. "இவளைப் பொறந்ததும் கையில வாங்கினது எங்கக்கா. இவ வராம எப்படி? நீங்க இல்லாமப் போனா, 'அவர் எங்கடி'ன்னு கேப்பா. என்ன சொல்லட்டும்? எழுத மறந்துட்டோம், விட்டுட்டு வந்துட்டோம்னு சொல்லவா? போனா மூணு பேர். இல்லைன்னா யாருமே இல்லை. கடன் வாங்கியும் போக மாட்டேன், சொல்லிட்டேன். திரும்பி வந்து ஆறு மாசம் அதையே நெனச்சுச் சோறு உண்ண முடியாது."

அவ்வளவு திடமாகச் சொன்னாரே தவிர, டம்ளர்களை எடுத்துக்கொண்டு ஸ்டவ் பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். கழுவின டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. என்னிடமும் எட்டாயிரம் இல்லை. இருந்தாலும் அவர் வாங்கியிருக்க மாட்டார்.

அப்போதுதான் போன் அடித்தது. ஞாயிறு சாயங்காலம், அக்கா கூப்பிடுகிற நேரம். ஈரக் கையோடு எடுக்க முடியாமல் மகள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னடி பண்றே? மழையா அங்க?" மலைமேலிருந்து வந்த குரலில் நல்ல சளி இருந்தது.

"கொட்டுது. நீ மருந்து சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன். பெட்டி கட்டிட்டு இருக்கேன். எவ்வளவு சாமான்னு நெனக்கிறே! எதையும் தூக்கிப்போட மனசு வரலை. இந்த வீட்டுக்காரன் வேற உயிரை எடுக்கறான். பெயின்ட் அடிச்சுக் குடுத்தாத்தான் அட்வான்ஸைத் திருப்பித் தருவானாம். இங்க ஒருத்தன் வந்து பாத்துட்டு, கூலி மட்டும் பன்னெண்டாயிரம் கேக்கறான். பையன் குடுத்துடும்மாங்கறான். அவனுக்கென்ன, அங்கேயிருந்து சொல்லிடுவான்."

டம்ளர் கழுவுகிற சத்தம் நின்றது.

எங்கள் ஐந்து பேர் தலையும் ஒரே நேரத்தில் பெயின்டர் பக்கம் திரும்பியது. ஐந்தாவது தலை அவருடையதுதான், அவர் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, குடுத்துடாதே" என்றார் தங்கை. கையைப் புடவையில் தேய்த்துக்கொண்டு ஓடிவந்தார். "அவன்கிட்ட இன்னும் சரின்னு சொல்லலையே?"

"நாளைக்குச் சொல்றேன்னு இருக்கேன்."

"சொல்லாதே. எங்க வீட்டுக்காரர் அடிப்பார்."

பெயின்டர் இரண்டு கையையும் ஆட்டினார். "ஏய், அக்கா வீட்டுக்குச் சும்மா அடிச்சுக் குடுக்கலாம்டி" என்று கிசுகிசுத்தார். "அவங்ககிட்ட போய்க் காசு வாங்கறதா? அசிங்கம்!"

அந்த அம்மாள் போனைக் கையால் பொத்தினார். "நீங்க சும்மா அடிச்சா ரயிலும் சும்மா கூட்டிட்டுப் போகுமா? அவ யாரோ ஒருத்தனுக்குப் பன்னெண்டாயிரம் குடுக்கப்போறா. அவனைவிட நீங்க நல்லா அடிப்பீங்களா மாட்டீங்களா?"

"அது... நல்லாத்தான் அடிப்பேன்."

"அப்போ பேசுங்க. நீங்களே பேசுங்க. நான் பேச மாட்டேன்." போனை அவர் கையில் திணித்தார்.

பெயின்டர் தொண்டையைச் செருமினார். முதல் இரண்டு வார்த்தை தடுமாறியதுதான். ஆனால் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் ஆளே மாறிவிட்டார். எத்தனை அறை, கூரை எவ்வளவு உயரம், சுவரில் கை வைத்தால் மாவு ஒட்டுகிறதா, எந்த மூலையில் ஈரம், சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு எதுவரை ஏறியிருக்கிறது என்று டாக்டர் மாதிரி கேட்டார். கேட்கக் கேட்க மகள் கையிலிருந்த பென்சிலை வாங்கிச் சுவரில் எழுதினார். "ஆறு நாள் ஆகும்க்கா. மலையில காயறதுக்கு நேரம் எடுக்கும். பெயின்ட் நான் சொல்றதை நீங்க வாங்கிடுங்க. தேய்க்க, கழுவ, இவங்க ரெண்டு பேரும் கூட நிப்பாங்க."

"சரி தம்பி. கூலி எவ்வளவு?"

பெயின்டர் எங்களைப் பார்த்தார். "பாத்துக் குடுங்கக்கா" என்றார்.

மனைவி அவர் முழங்கையில் கிள்ளியதை நான் பார்த்தேன். எனக்கே வலித்தது.

"பாத்துக் குடுக்கறதெல்லாம் நம்மகிட்ட வேணாம் தம்பி" என்றார் அக்கா. "எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. தொகையைச் சொல்லுங்க."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பென்சிலை வைத்து மெதுவாக எழுதினார். எழுதியதை அப்படியே படித்தார். "என் கூலி, நாளைக்கு ஆயிரத்து ஐநூறு. ஆறு நாளைக்கு ஒன்பதாயிரம்." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மறுமுனையில் முகம் சுருங்குகிறதா என்று பார்க்க வழியில்லை. தொகையைக் குறைக்கவும் இல்லை.

"அவ்வளவுதானா?" என்றார் அக்கா. "அந்தப் பாவி பன்னெண்டு கேட்டானே! சரி தம்பி, ஒன்பதாயிரம். போனை அவகிட்ட குடுங்க."

மகள் சத்தமில்லாமல் எம்பி எம்பிக் குதித்தாள். டிரைவர் என் தொடையில் ஓங்கி அறைந்தார். பெயின்டர் போனைக் கொடுத்துவிட்டு, தான் எழுதிய தொகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் போய் நின்றேன். "எம்பேர்ல ஒரு தொகை பாக்கறது வேடிக்கையா இருக்குண்ணே" என்றார். கண் கலங்கியிருந்தது.

போன் மறுபடியும் தங்கை கைக்கு வந்துவிட்டது. தங்கைதான் பேச வேண்டும். ஒரு மாதமாக வாய்க்குள் வைத்திருந்த வார்த்தை. அதற்குள் அக்காவே கேட்டுவிட்டார். மூன்று வருடமாகக் கேட்காததைக் கேட்கிற பயம் அந்தக் குரலில் இருந்தது.

"ஏண்டி, வர்றீங்களா? நிஜமாவா? திரும்பிப் போறதுக்குக் காசு இருக்கா?"

"இருக்குக்கா" என்றார் கேன்டீன்காரம்மா. அழுதுகொண்டே சொன்னாலும் குரல் கணீரென்று வந்தது. "வர்றதுக்கு இருக்கு, போறதுக்கு இருக்கு, நடுவுல ஒரு நாள் பஸ் வரலைன்னாலும் இருக்கு. மூணு பேருக்கும் இருக்கு. நான் வர்றேன்க்கா."

"அப்போ வா" என்றார் அக்கா. "என்ன சமைக்கட்டும், சொல்லு."